பிரசவத்துக்குப் பிறகு ‘பிசியோ பேக்கேஜ்’: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மதுரையில், பிள்ளை பெற்ற பெண்களுக்கென்றே நடத்துவதாக விளம்பரம் செய்யும் ஒரு பிசியோதெரபி சென்டரில் 28,000 ரூபாய் கட்டி, உள்ளே போனபோது இருந்ததைவிட மோசமான நிலையில் வெளியே வந்திருக்கிறேன். நுகர்வோர் வழக்கு நடப்பதால் சென்டரின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் விதம்தான் முக்கியம். இதே பாணியில் வேறு ஊர்களிலும் நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு நார்மல் டெலிவரி. குழந்தை மூன்றரை கிலோவுக்கு மேல். தையல் ஆறிவிட்டது, ஆனால் மூன்றாம் மாதத்திலும் தும்மினால், இருமினால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால் சிறுநீர் கசிந்தது. பேட் வைக்காமல் வெளியே போக முடியாது. வயிறும் ஐந்து மாதக் கர்ப்பம் போலவே இருந்தது. வீட்டில் சொன்னால், “பச்சை உடம்புக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், போகப் போகச் சரியாயிடும்” என்றார்கள். அம்மா பழைய சேலையைக் கிழித்து வயிற்றைக் கட்டிவிட்டார். அத்தைக்கு இப்போது வயது அறுபதுக்கு மேல். பிரசவத்திலிருந்தே இந்தக் கசிவோடுதான் இருக்கிறார் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். இவ்வளவு காலம் யாரிடமும் சொல்லவில்லை. இப்படிப் பேசாமல் வைத்திருக்கும் விஷயத்தில்தான் ஏமாற்றுகிறவர்களுக்கு நல்ல வியாபாரம்.

நான் போன சென்டரின் ரிசப்ஷனில் இருந்த கவுன்சலர் மிகவும் அன்பாகப் பேசினார். எடை பார்த்தார்கள், இடுப்பளவு எடுத்தார்கள், ‘முன்-பின்’ படத்துக்காக வயிற்றைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்தார்கள். பிறகு லேமினேட் செய்த ஒரு விலைப்பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். “மேம், உங்களுக்கு கோர்ல கேப் விழுந்திருக்கு, பெல்விக் ஃப்ளோரும் லூஸ். இப்ப விட்டா பின்னாடி கர்ப்பப்பையே இறங்கிடும். ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்” என்றார். பயமுறுத்தியதும் ஆஃபர் சொன்னதும் ஒரே மூச்சில். (கோர் என்றால் நடுவுடல் தசைகள். பெல்விக் ஃப்ளோர் என்பது சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்படித் தசைகள்.) இரண்டு கோளாறின் பெயரைச் சொல்லிவிட்டார், ஆனால் அங்கே ஒருவர்கூட என்னைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி கேட்கவில்லை. தையல் எவ்வளவு ஆழம், ஆயுதம் போட்டார்களா, மலச்சிக்கல் இருக்கிறதா, கீழே கனமாக இறங்குவது போல் தோன்றுகிறதா, எதுவும் கேட்கவில்லை. பணம் ஜிபேயில் போனது. பில் தரவில்லை. வாட்ஸ்அப்பில் ‘பேமென்ட் ரிசீவ்டு’ என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

சிட்டிங் என்று அவர்கள் சொல்வதில் முதல் பாதி மெஷின். குளிர்ச்சியான ஜெல்லைத் தடவி வயிற்றின் மேல் நான்கு பட்டைகளை ஒட்டி ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தசை துள்ளும், இழுக்கும், வேலை நடப்பது போலவே இருக்கும். மறு பாதியில் ஒரு சின்னப் பெண் வந்து பயிற்சி தருவார். மல்லாந்து படுத்து எழும் கிரன்ச், இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது, பிளாங்க். கையில் போனில் டைமர் ஓடும். “மூச்சைப் பிடிச்சுக்கங்க மேம், இன்னும் பத்து” என்பார். ஒவ்வொரு முறை தலையைத் தூக்கும்போதும் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை நடுவில் ஒரு மேடு, கூரை முகடு போல, எழும்பி நின்றது. அதைக் காட்டிக் கேட்டேன். “அது ஃபேட் மேம், கரைஞ்சிடும்” என்று பதில் வந்தது. வீட்டுக்கு ஒரு பயிற்சியும் சொன்னார்கள்: தினமும் சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் போக வேண்டுமாம்.

பக்கத்துப் பாயில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். அவளுக்கு விற்றது ‘நார்மல் டெலிவரி கேரண்டி’ பேக்கேஜ். ஸ்குவாட் செய்யச் சொல்லியிருந்தார்கள். அவள் என்னிடம் மெதுவாக, “அக்கா, ஸ்கேன்ல நஞ்சு கீழ இருக்குன்னு எழுதியிருக்கு. இதெல்லாம் செய்யலாமான்னு தெரியலக்கா” என்றாள். ஸ்கேன் ரிப்போர்ட்டை அங்கே யாரும் கேட்கவே இல்லையாம். எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி (பிளசென்டா), கீழே அமைந்து கருப்பை வாயை மறைத்திருந்தால் ரத்தப்போக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். அப்படிப்பட்டவர் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பயிற்சியும் தொடங்கக் கூடாது. நஞ்சு கடைசிவரை வாயை மறைத்தே இருந்தால் சிசேரியன்தான் வழி, எத்தனை ஸ்குவாட் செய்தாலும் அது மாறாது. நார்மல் டெலிவரிக்கு எவராலும் கேரண்டி தர முடியாது. அன்று மாலையே அவளை அவளுடைய டாக்டரிடம் போகச் சொன்னேன். டாக்டர் உடனே எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று பிறகு போனில் சொன்னாள். என் 28,000 ரூபாயை நினைத்து வந்ததைவிட இந்த ஒரு விஷயத்துக்காக எனக்கு வந்த கோபம் அதிகம்.

வாரங்கள் போகப் போக என் கசிவு கூடியது. முன்பு தும்மினால்தான், பிறகு வேகமாக நடந்தாலே. சாயங்காலமானால் கீழே ஏதோ அழுத்துவது போல ஒரு கனம். சென்டரில் சொன்னபோது, “உங்களுக்கு அட்வான்ஸ் பேக்கேஜ் தேவைப்படுது” என்றார்கள். பயிற்சி தருபவர் என்ன படித்திருக்கிறார் என்று அப்போதுதான் நேராகக் கேட்டேன். முதலில் ‘சர்ட்டிஃபைடு தெரபிஸ்ட்’ என்றார்கள், விடாமல் கேட்டதும் ஆன்லைனில் முடித்த ஃபிட்னஸ் கோர்ஸ் என்று தெரிந்தது. போர்டில் பெயர் போட்டிருந்த பிசியோதெரபிஸ்ட்டை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

எனக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடம் போனேன். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு வேறொரு மருத்துவமனையில் பெண்கள் நலப் பிரிவில் எம்பிடி (பிசியோதெரபி முதுநிலைப் பட்டம்) முடித்த பிசியோதெரபிஸ்ட்டுக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே முதல் நாள் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சரியான சிகிச்சை எப்படித் தொடங்கும் என்று தெரிந்தால்தான் போலியை அடையாளம் காண முடியும்.

அவர் முதலில் கேள்விதான் கேட்டார். குழந்தை எடை, எவ்வளவு நேரம் முக்கினேன், தையல் விவரம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர், எப்போது கசிகிறது, அடக்க முடியாமல் ஓட வேண்டி வருகிறதா அல்லது இருமும்போது மட்டும்தானா, வாயு கட்டுப்படுகிறதா, தாம்பத்தியத்தில் வலி உண்டா. பிறகு முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, தலையை லேசாகத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலேயும் கீழேயும் விரலை வைத்து இடைவெளியை அளந்தார். வயிற்றின் முன்பக்கத்தில் இரண்டு நெடுந்தசைகள் நடுவில் ஒரு பட்டையால் இணைந்திருக்கின்றன. கர்ப்பத்தில் அந்தப் பட்டை இளகி விரியும். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி நின்றுவிட்டால் டயாஸ்டாசிஸ் என்பார்கள். எனக்கு மூன்றரை விரல். நான் பார்த்த அந்த மேடு கொழுப்பு இல்லை. நடுப்பட்டை சுமையைத் தாங்காததால் உள்ளிருந்து வரும் அழுத்தம் அங்கே துருத்திக்கொண்டு வருகிறது. அதே அழுத்தம் கீழ்ப்பக்கமும் போய், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் பெல்விக் ஃப்ளோர் மேல் விழுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த கிரன்ச் ஏன் கசிவைக் கூட்டியது என்பது அப்போதுதான் புரிந்தது.

அடுத்து உள் பரிசோதனை. ஏன் தேவை, எப்படிச் செய்வார், எந்த நொடியிலும் வேண்டாம் என்று சொல்லலாம் என்று விளக்கி, சம்மதம் வாங்கி, திரை போட்டுவிட்டுச் செய்தார். விரலைச் சுற்றி இறுக்கச் சொன்னார். நான் இறுக்குவதாக நினைத்துக்கொண்டு கீழே முக்கிக்கொண்டிருந்தேன்! வாயால் சொல்லிக்கொடுத்ததை மட்டும் கேட்டுச் செய்யும் பெண்கள் பலர் இப்படித்தான் உள்ளே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே தள்ளுகிறார்கள் என்றார். தசை பலத்துக்கு 0 முதல் 5 வரை ஓர் அளவுகோல் உண்டு, என்னுடையது 2 என்று எழுதிக்கொண்டார். தையல் போட்ட இடத்தில் தழும்பு இறுகியிருந்ததையும் கண்டுபிடித்துச் சொன்னார்.

இப்படிக் கீழ்த்தசையை இறுக்கி விடுவதைக் கீகல் பயிற்சி என்று எல்லாரும் சொல்வது, அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948இல் எழுதிய முறையிலிருந்து வந்தது. மருந்தோ மெஷினோ தேவையில்லாத, நன்றாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. இருமினால் தும்மினால் வரும் கசிவுக்கு முதல் சிகிச்சையாக, பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம் இதைச் செய்யவைக்க வேண்டும் என்பது பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு சொல்வது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு குறைந்தது எட்டு முறை இறுக்க வேண்டும். தசை சரியாகச் சுருங்குகிறதா என்று தொட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகே தொடங்கச் சொல்கிறார்கள். மெஷின் வைத்து மின்சாரத்தால் தசையைச் சுருக்கும் மின்தூண்டலுக்கும் ஓர் இடம் உண்டு, தசையைத் தானாகச் சுருக்கவே முடியாதவர்களுக்குப் பரிசோதித்த பின் தருவார்கள். தொப்பை மேல் பட்டை ஒட்டுவது அந்தச் சிகிச்சை இல்லை. சிறுநீரை நடுவில் நிறுத்துவதைத் தினசரிப் பயிற்சியாகச் செய்யவே கூடாது. சிறுநீர்ப்பை முழுக்கக் காலியாகாமல் போகும் பழக்கத்தைக் கொடுத்துவிடும்.

எனக்குக் கொடுத்தது பார்வைக்கு மிக எளிமையானது. மூச்சை வெளியே விடும்போது கீழ்த்தசையை உள்ளே இழுத்து அடிவயிற்றை லேசாகச் சேர்ப்பது. தும்மல் வருவது தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்வது. பிள்ளையைத் தூக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டே தூக்குவது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது, கழிப்பறையில் முக்காமல் இருப்பது. ஓட்டம், குதிப்பது எல்லாம் பிறகு. அம்மா கட்டிய சேலையையோ பெல்ட்டையோ எழுந்து நடமாடும்போது ஆதரவாகக் கட்டலாம், ஆனால் அதுவே தசையை வலுவாக்கிவிடாது, மிக இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே இறங்கும் என்றார். ஒவ்வொரு தடவை போகும்போதும் மறுபடி அளந்து குறித்துக்கொண்டார். கட்டணம் தடவைக்கு 600 ரூபாய், அன்றன்றைக்குக் கட்டினால் போதும். மூன்று மாதம் முடிந்தபோது தும்மலுக்குக் கசிவது நின்றுவிட்டது. இடைவெளி இன்னும் முழுதாக மூடவில்லை, ஆனால் மேடு எழுவதில்லை.

சரி, போகும் முன் என்ன பார்ப்பது? இந்தியாவில் பிசியோதெரபி பட்டம் பிபிடி. இதுவரை படித்து வந்தவர்களுக்கு ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சியோடு நாலரை ஆண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டமாக இருக்கும். அதன் மேல் எம்பிடியில் பெண்கள் நலம் எடுத்துப் படித்தவராக இருந்தால் நல்லது. “சர்ட்டிஃபைடு”, “எக்ஸ்பர்ட்”, “கோச்” என்பதெல்லாம் பட்டம் இல்லை. என்ன படித்தீர்கள், எந்தக் கல்லூரி என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை, நல்ல பிசியோ கோபித்துக்கொள்ள மாட்டார். சிகிச்சை தரப்போவது போர்டில் பெயர் உள்ளவரா வேறொருவரா என்பதையும் கேளுங்கள். சோதித்துப் பார்க்கும் முன்பே மொத்தப் பணத்தையும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். காசு இல்லை என்று விட்டுவிடவும் வேண்டாம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, மகப்பேறு வார்டிலேயே கேட்டு அங்கே அனுப்பச் சொல்லலாம்.

கர்ப்பமாக இருக்கும்போதே செய்வதும் நல்லதுதான், பிரச்சினை இல்லாதவர்கள் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்யலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் ரத்தக்கசிவு, நீர் உடைதல், தலைசுற்றல், நெஞ்சு வலி, ஒரு கால் ஆடுசதை மட்டும் வீங்கி வலிப்பது, இதில் எது வந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி பணம். மீதிச் சிட்டிங்குக்கான தொகையைக் கேட்டபோது ‘நோ ரீஃபண்ட்’ என்று அச்சடித்த படிவத்தைக் காட்டினார்கள். முகச் சிகிச்சைக்குக் கழித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக்குப் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அப்படித்தான். முதலில் 1915 தேசிய உதவி எண்ணில் புகார் பதிந்தேன். சென்டர் பாதிக்கும் குறைவாகத் தருகிறோம் என்றது. ஒப்புக்கொள்ளாமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். டாக்டரம்மாவின் கடிதமும், முதல் நாள் அளவுகளோடு பிசியோ எழுதிய குறிப்பும்தான் என் முக்கியமான ஆதாரம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது.

இப்போது இதுபோன்ற இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள் ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு, கையெழுத்திட்ட படிவத்தின் படம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயிற்றைப் படமெடுத்திருந்தால் அதை விளம்பரத்தில் போடச் சம்மதமில்லை என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பயிற்சியில் நடுவயிறு மேடாக எழுந்தாலோ, கசிவு கூடினாலோ, கீழே கனம் தெரிந்தாலோ அன்றைக்கே நிறுத்தி உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். மீதிச் சிட்டிங் வீணாகிறதே என்று தொடர வேண்டாம்.