திருச்சி வீட்டை விற்ற கதை: வாங்குகிறவருக்குக் கொஞ்சம் வளைந்து கொடுத்தால்

திருச்சியில் ஏர்போர்ட் பக்கம் அப்பா கட்டிய வீட்டை 2025 கோடையில் விற்றுவிட்டுச் சிங்கப்பூர் திரும்பியாகிவிட்டது. கேள்விப்பட்ட நண்பர்கள் எல்லாரும் முதலில் கேட்பது என்ன விலைக்குப் போச்சு என்றுதான். விலை சுமார்தான். ஆனால் அதே ஏரியாவில் வெளிநாட்டுக்காரர்களின் வீடுகள் ‘விற்பனைக்கு’ போர்டு வெளிறிப்போய்க் கிடக்கும்போது எங்கள் வீடு மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் போனது என்பதுதான் எழுதத் தகுந்த விஷயம்.

புரோக்கர் முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட்டார். "ஃபாரின் பார்ட்டி வீடுன்னா வாங்குறவங்க யோசிக்கிறாங்க சார். சாவி யார்கிட்ட இருக்குன்னு தெரியாது, பத்திரம் பேங்க் லாக்கர்ல இருக்கும்பாங்க, அப்புறம் இன்கம்டாக்ஸ் தொல்லை வேற." மூன்றும் உண்மை. மூன்றையும் நம் பக்கத்தில் சரிசெய்ய முடியும், அதற்கு விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க வேண்டாம் என்பதும் உண்மை.

சாவியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு செட், புரோக்கரிடம் ஒரு செட். கரண்ட் இணைப்பை எடுக்கவில்லை, மோட்டார் ஓடியது, லைட் எரிந்தது. நம் ஊரில் வீடு பார்க்க வருவது ஒரு தடவையோடு முடிகிற காரியம் இல்லை: முதலில் கணவன் மனைவி, அப்புறம் இரண்டு பக்கத்துப் பெரியவர்கள், அப்புறம் வாஸ்து பார்க்கிறவர், கடைசியில் தெரிந்த கொத்தனார் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பார். ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிறோம் என்றாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் முடிந்து ஆறு மணிக்கு மேல்தான் வருவோம் என்றாலும் சரி, வாங்க என்றேன். வந்தவர்களின் பின்னாலேயே நடந்து ‘இது தேக்கு, அது கிரானைட்’ என்று ஒப்பிக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் எப்படி என்று வாயால் கேட்டதற்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை, மோட்டாரைப் போட்டுக் காட்டினேன். மொட்டை மாடியில் ஒரு மூலையில் மழைக்கு ஒழுகும், அதை மட்டும் நானே முன்கூட்டிச் சொல்லிவிட்டேன். கொத்தனார் எப்படியும் கண்டுபிடிப்பார், அவர் கண்டுபிடித்துச் சொன்னால் விலையில் ஒரு லட்சம் போகும்.

அடுத்தது பேப்பர். எங்கள் விஷயத்தில் அப்பா காலமான பிறகு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அம்மாவும் தங்கச்சியும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, பட்டா, சொத்து வரி, கரண்ட் மூன்றும் என் பெயருக்கு மாறியிருந்தது. இது மாறாமல் விற்க வருகிறவர்கள்தான் அதிகம் என்றார் பத்திர எழுத்தர். வாங்குகிறவர் வங்கிக் கடன் போடுகிறவராக இருந்தால் வங்கி வக்கீலுக்குத் தாய் பத்திரம் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்), பல வருஷத்து வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், வரி ரசீது எல்லாம் வேண்டும். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு, நாம் ஒவ்வொன்றாகத் தேடுவதற்குள் கடன் ஒப்புதலே காலாவதியாகிவிடும். வில்லங்கத்தைப் பதிவுத் துறை இணையதளத்திலேயே சிங்கப்பூரில் உட்கார்ந்து எடுத்துவிட்டேன், இந்தச் சேவையைப் பாராட்டத்தான் வேண்டும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபைலாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், வீட்டைப் பார்க்க வருவதற்கு முன்பே. வாங்கியவர் பிற்பாடு சொன்னார், அந்த ஃபைலைப் பார்த்த பிறகுதான் வீட்டைப் பார்க்கவே வந்தாராம்.

இப்போது அந்த இன்கம்டாக்ஸ் தொல்லை. பல பேரம் உடைகிற இடம் இதுதான், ஆனால் விற்கிறவர்கள் இதை வாங்குகிறவர் தலைவலி என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளூரில் இருக்கிறவர் 50 லட்சமோ அதற்கு மேலோ உள்ள வீட்டை விற்றால் வாங்குகிறவர் விலையில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து, தன் பான் எண்ணை வைத்தே கட்டிவிடலாம். விற்கிறவர் என்.ஆர்.ஐ., அதாவது வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் கதை வேறு. 50 லட்சம் என்ற வரம்பெல்லாம் கிடையாது. நான் விற்ற சமயத்து விதிப்படி வாங்குகிறவர் டான் எண் (வரி பிடித்துக் கட்டுகிறவருக்கான தனி எண்) எடுக்க வேண்டும், நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன்மேல் செஸ், பொருந்தினால் சர்சார்ஜ் என்கிற கூடுதல் வரிகளும் பிடிக்க வேண்டும், காலாண்டு ரிட்டர்னும் போட வேண்டும். ஒரு பள்ளிக்கூட ஆசிரியரிடம் போய் இதைச் சொன்னால் அவர் ஏன் நம் வீட்டை வாங்கப் போகிறார்? பக்கத்துத் தெருவில் உள்ளூர்க்காரர் வீடு இருக்கிறதே.

அதனால் வாங்க வந்தவரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டேன்: டான் விண்ணப்பம், வரி கட்டுவது, ரிட்டர்ன் எல்லாம் என் ஆடிட்டரே உங்களுக்குச் செய்து கொடுப்பார், ஃபீஸ் என்னுடையது, நீங்கள் கையெழுத்தும் ஓ.டி.பி.யும் கொடுத்தால் போதும். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் அங்கேயே போய்விட்டது. இதில் நமக்கும் லாபம் உண்டு. முழு விலைக்கும் வரி பிடிக்காமல் உண்மையான ஆதாயத்துக்கு மட்டும் பிடிக்கச் சொல்லி வருமான வரித் துறையிடம் சான்றிதழ் வாங்கலாம், நான் விற்றபோது அதற்கான விண்ணப்பம் படிவம் 13. அந்த விண்ணப்பத்தில் வாங்குகிறவரின் டான் எண்ணைக் கேட்டார்கள். அவர் எடுக்காவிட்டால் நம் வேலை நகராது, அவர் வேலையை நாம் எடுத்துச் செய்தால் இரண்டும் நகரும். சான்றிதழ் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அட்வான்ஸ் வாங்கிய கையோடு போட்டுவிட்டோம். வீடு 2001-க்கு முன்பு கட்டியது. அந்த மாதிரிச் சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது அரசு நிர்ணயித்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. இதற்கு ஒரு மதிப்பீட்டாளர் அறிக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலக்கெடுவிலும் வளைந்து கொடுத்தேன். வங்கியின் மதிப்பீட்டாளர் வருகிறேன் வருகிறேன் என்று இழுத்தடித்தார், எந்த வங்கி என்று சொல்லப் போவதில்லை. வேறொருவர் முழுப் பணத்தோடு தயாராக இருக்கிறார் என்று புரோக்கர் காதைக் கடித்தார், விலையோ குறைவு. இவரிடமே இருந்தேன், ஒப்பந்தக் கெடுவை நீட்டியும் கொடுத்தேன். பதிவுக்கு நாள் குறித்தது அவருடைய அம்மா. வளர்பிறை, மேல்நோக்கு நாள், ஆடி பிறப்பதற்கு முன்னால், இத்தனையும் சேர்ந்து வர வேண்டும். தேதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுத்திருந்ததால் பஞ்சாயத்து இல்லாமல் போயிற்று. சித்தப்பா பெயரில் பவர் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்தான். பவரில் விற்கிற வீடு என்றால் வங்கிக்காரர்கள் இன்னும் நான்கு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள், உரிமையாளரே நேரில் வந்து கைரேகை வைத்தால் எல்லோருக்கும் நிம்மதி.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வளையவில்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் போகிறதே, வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுவிட்டு மீதியைக் கையில் தரட்டுமா என்று வாங்குகிறவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஊரில் சகஜமாக நடப்பதுதான். முடியாது என்றேன். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே சட்டப்படி தப்பு, அந்தப் பணத்தை நான் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகவும் முடியாது. அதற்குப் பதிலாக மாடுலர் கிச்சன், இன்வெர்ட்டர், இரண்டு ஏ.சி. எல்லாவற்றையும் வீட்டோடு விட்டுவிடுகிறேன் என்றேன். சரி என்றார்.

பதிவு நாளன்று நல்ல நாள் என்பதால் கல்யாண மண்டபக் கூட்டம். டோக்கன் நேரம் ஒன்று, கூப்பிட்ட நேரம் வேறு, நடுவில் சர்வர் வேறு படுத்துக்கொண்டது. ஆனால் உள்ளே போன பிறகு போட்டோ, கைரேகை, சாட்சிகள் எல்லாம் மளமளவென்று முடிந்தது, ஊழியர்கள் மரியாதையாகவே பேசினார்கள். கரண்ட் இணைப்பு, சொத்து வரி பெயர் மாற்றத்துக்கான சம்மதக் கடிதங்களை அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பணம் என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாடு வாழ் இந்தியர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) வந்தது. அங்கிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம், நம்மில் பெரும்பாலோருக்கு அந்த வரம்பு ஒரு பிரச்சினையே இல்லை. பணத்தை வெளியே அனுப்ப அப்போது ஆடிட்டர் தந்த 15சிபி வரிச் சான்றிதழ், நாம் போட்ட 15சிஏ படிவம், கிரயப் பத்திர நகல், வரி கட்டிய சலான் நான்கையும் வங்கி கேட்டது. ஊரில் இருக்கும்போதே கிளைக்கு நேரில் போய் ஒரு தடவை காட்டிவிட்டு வாருங்கள், மெயிலில் ஒரு மாசம் இழுக்கிற வேலை கவுன்டரில் அரை மணி நேரத்தில் முடிகிறது.