மூணேகால் லட்சம் குடுத்து குதிரை வாங்கி ஏமாந்துட்டேன், வாங்கப் போறவங்க இத படிச்சிட்டு போங்க

இன்னைக்கு காலைல குதிரைய வித்த ஆளு என் நம்பர பிளாக் பண்ணிட்டான். அந்த கோவத்தோடதான் உக்காந்து டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க. போனது மூணேகால் லட்சம். குதிரைக்கு 2,80,000, வண்டி வாடகை 38,000, "பேப்பர் செலவு"ன்னு தனியா 7,000, கூட்டினா 3,25,000. மஞ்சள் வித்து ரெண்டு வருஷமா ஒதுக்கி வச்ச காசு.

எங்க தோட்டம் கோபி பக்கம். சின்ன வயசுல இருந்து ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு அப்பா கூட போயி குதிரைச் சந்தைய வாய பொளந்து பாத்தவன் நான். என் பொண்ணுக்கு 11 வயசு, அவளுக்கும் அதே பைத்தியம். ஆடி வரைக்கும் பொறுத்திருந்தா அந்தியூர்லயே நாலு பேரு தெரிஞ்சவங்கள வச்சு வாங்கிருக்கலாம். பொறுக்கல. போன்ல ஆடு மாடு குதிரை எல்லாம் விக்கிற ஒரு ஆப் இருக்கு, அதுலயும் அது சம்பந்தமான ஒரு குரூப்லயும் ஒரு விளம்பரம் வந்துச்சு. பக்கத்து மாநிலத்துல ஒரு குதிரைப் பண்ணை. "ஒரிஜினல் மார்வாரி, செவலை, பெண் குதிரை, 6 வயசு, 62 இஞ்ச், சுழி சுத்தம், குழந்தைங்க ஏறலாம், பாஸ்போர்ட் சிப் எல்லாம் இருக்கு." மார்வாரின்னா ராஜஸ்தான் குதிரை இனம். பாஸ்போர்ட்டுங்கறது குதிரையோட அடையாள புத்தகம், சிப்புங்கறது தோலுக்கு அடியில வைக்கிற அடையாள நம்பர். வித்தவன் பேரு ஊரு எதுவும் இங்க போடல, வக்கீல் போட வேண்டாம்னு சொல்லிருக்காரு.

மொதல்ல வீடியோ கால். அவன் பையன், எட்டு வயசு இருக்கும், சேணம் கூட இல்லாம மேல உக்காந்து ரவுண்டு வர்றான். குதிரை பூனை மாதிரி நடக்குது. நான் அட்வான்ஸ் எவ்வளவுன்னு கேட்டேன், "அட்வான்ஸே வேண்டாம்ணா, நேர்ல வாங்க, பாருங்க, புடிச்சா எடுங்க, இல்லன்னா மோர் குடிச்சிட்டு போங்க"ன்னான். காசு கேக்காதவன் ஏமாத்த மாட்டான்னு நெனச்சேன் பாருங்க, அங்கதான் என் கதை முடிஞ்சுது. எங்க ஊரு கால்நடை டாக்டர கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டதுக்கு, "எதுக்குணா அவ்வளவு தூரம் அவர அலைய வைக்கிறீங்க, நம்ம பண்ணை டாக்டரே இருக்காரு, எது வேணா கேளுங்க"ன்னான். நானும் சரின்னுட்டேன். மார்கோ போலோ 13-ம் நூற்றாண்டு கடைசில பாண்டிய நாட்டுக்கு வந்தப்ப எழுதி வச்சத இப்பத்தான் படிச்சேன். ராஜாவுக்கு ஆயிரக்கணக்குல குதிரைய கப்பல்ல கொண்டாந்து விப்பாங்களாம், வருஷ கடைசில நூறு கூட மிஞ்சாதாம், ஏன்னா குதிரைக்கு வைத்தியம் தெரிஞ்ச ஆளுங்கள அந்த வியாபாரிங்க இந்தப் பக்கம் வரவே விட மாட்டாங்களாம், குதிரை செத்தாத்தானே அடுத்த குதிரை விக்கும். படிச்சதும் நெஞ்சு எரிஞ்சுது. விவரம் தெரிஞ்சவன தூரமா நிறுத்துறதுதான் இந்த வியாபாரத்துல அப்ப இருந்து இப்ப வரைக்கும் நடக்குது.

நேர்ல போனோம், நானும் வீட்டுக்காரியும் பாப்பாவும். குதிரைய அப்பத்தான் குளிப்பாட்டி நிறுத்தியிருந்தாங்க, ஒடம்பு மினுமினுன்னு, குளம்பு கருகருன்னு எண்ணெய் பூசி. காதுதான் என்னைய கவுத்துச்சு. மார்வாரிக்கு காது உள்பக்கமா வளைஞ்சு ரெண்டு நுனியும் ஒண்ண ஒண்ணு தொடுற மாதிரி நிக்கும், குஜராத் இனமான காத்தியவாரிக்கும் அப்படித்தான் இருக்கும். இதுக்கு நுனி ரெண்டும் அப்படியே ஒட்டி நின்னுச்சு. கழுத்து வேற நல்லா தடிச்சு, பிடரி அடியில கொழுகொழுன்னு மேடா இருந்துச்சு. நான் அத ஆரோக்கியம்னு நெனச்சேன். வாய தொறந்து கீழ் பல்ல காட்டினான், "பாருங்கணா குழி இருக்கு, 6 வயசு"ன்னான், ரெண்டு செகண்டு, மூடிட்டான். மணல் களத்துல ஓட்டி காட்டினான். தார் ரோட்டுல கொஞ்சம் ஓட்டுங்கன்னு கேக்கணும்னு எனக்கு தோணவே இல்ல. கடைசியா பாப்பா கைல கயிற குடுத்தாங்க, குதிரை தலைய இறக்கி அவ தோள்ல வச்சுது. அவ திரும்பி என்னைய பாத்தா. அதுக்கப்புறம் நான் விலை கூட பேசல, 2,80,000-மும் அங்கயே அனுப்பிட்டேன்.

ஏத்தி விடும்போது ஒரு பொட்டலம் குடுத்தான். "பயண அசதிக்கு சத்து பவுடர்ணா, ரெண்டு நாளைக்கு தீவனத்துல கலந்து குடுங்க, அப்புறம் தினமும் ரெண்டு வேளை ஊறவச்ச கொள்ளு, தவிடு, கொஞ்சம் வெல்லம், ஒடம்பு எறங்க விட்றாதீங்க"ன்னான். அப்படியே செஞ்சேன். ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. பவுடர் தீர்ந்து மூணாவது நாள் காலைல போய் பாத்தா முன்னங்கால் ரெண்டையும் முன்னாடி நீட்டி வச்சு, ஒடம்ப பின்னாடி சாச்சு, குதிங்கால்ல நிக்கிற மாதிரி நிக்குது. கயிற புடிச்சு திருப்பினா திரும்ப மாட்டேங்குது. கண்ணுல அவ்வளவு வலி. பாப்பா அழ ஆரம்பிச்சுட்டா.

டாக்டர் வந்தாரு, ஊர்ல குதிரை வைத்தியம் நல்லா தெரிஞ்சவர். தொலைவுல நின்னு பாத்ததுமே "தம்பி, இது லேமினைட்டிஸ்"ன்னாரு. குளம்ப தொட்டு பாக்க சொன்னாரு, சுடுது. கணுக்கால் பின்பக்கம் என் விரல எடுத்து வச்சாரு, நாடி பட்டு பட்டுன்னு அடிக்குது, நல்ல குதிரைக்கு அந்த எடத்துல நாடி கைக்கு லேசாத்தான் தெரியுமாம். இதயத்துடிப்பு சும்மா நிக்கும்போது நிமிஷத்துக்கு 28-ல இருந்து 44 வரைக்கும் இருக்கணும், இதுக்கு 60-ஐ தாண்டி போகுது, அவ்வளவு வலி. குளம்பு ஓட்டையும் உள்ள இருக்கற எலும்பையும் சேத்து புடிச்சிருக்கிற சவ்வு வீங்கி பிரியுற நோய் இது. மோசமா போனா மொத்த ஒடம்பு எடையும் தாங்குற அந்த எலும்பு உள்ளயே கீழ சாயும். மாவுச்சத்தும் இனிப்பும் அதிகமா போனா வரும். சில குதிரைக்கு ஒடம்புலயே சர்க்கரைக் கோளாறு இருக்கும், கழுத்துல கொழுப்பு மேடு கட்டுறதே அதுக்கு ஒரு அடையாளமாம். நான் ஆரோக்கியம்னு நெனச்ச கழுத்து. அதுக்கு மேல நான் கொள்ளும் வெல்லமும் போட்டுருக்கேன். என் கையால.

"புதுசா வந்த நோயா டாக்டர்?"னு கேட்டேன். அவரு ஒண்ணும் சொல்லாம தேங்காய் நாரும் ஒரு பக்கெட் தண்ணியும் கேட்டாரு. முன்னங்குளம்ப தேய்ச்சாரு. தண்ணி மை மாதிரி கருப்பா ஓடுச்சு, என் கையெல்லாம் கருப்பு. பூசின சாயம் போனதும் உள்ள வரி வரியா தெரியுது. "முன்பக்கம் வரியெல்லாம் நெருக்கமா இருக்கு பாருங்க, பின்பக்கம் போகப் போக அகலமாகுது, குளம்பு மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூட வளராது, அப்ப இந்த வரிங்க வர எத்தன மாசம் ஆயிருக்கும் நீங்களே கணக்கு போடுங்க"ன்னாரு. அந்த வரிய விரலால தடவிக்கிட்டே உக்காந்துட்டேன். இத மறைக்கத்தான் கருப்பு பூசியிருக்கான், இது தெரிஞ்சேதான் வலி வெளிய தெரியாம இருக்க மெத்துன்னு மணல்லயே ஓட்டியிருக்கான்.

அப்புறம் பல்லு. குதிரைக்கு அஞ்சு வயசுல முன்பல் எல்லாம் நிரந்தரப் பல்லா நின்னுடும், கீழ் பல்லுல இருக்கிற குழி ஆறுல இருந்து எட்டு வயசுக்குள்ள ஒவ்வொண்ணா தேய்ஞ்சு போகும். டாக்டர் டார்ச் அடிச்சு காட்டினாரு, நிஜமான குழின்னா சுத்தி வெள்ளையா எனாமல் வளையம் இருக்கும், இதுல வளையமே இல்ல, யாரோ பல்ல தோண்டி கருப்பேத்தியிருக்காங்க. மேல் வரிசை ஓரப் பல்லுல பழுப்பா ஒரு கோடு, ஈறுல இருந்து பாதி பல்லு வரைக்கும் எறங்கியிருக்கு. அந்த கோடு பத்து வயசுல ஈறு ஓரத்துல எட்டிப் பாக்கும், பாதி எறங்க பதினஞ்சு, முழுசா எறங்க இருபது. ஆக 6 வயசு குதிரை இல்ல, 15 பக்கம். ஒசரம் 62 இஞ்ச் இல்ல, கழுத்து முடிஞ்சு முதுகு தொடங்குற மேட்டுல வச்சு அளந்தா 58. சிப்பு இடது கழுத்துல இருக்கணும், டாக்டர் ரீடர வச்சு ரெண்டு பக்கமும் தேடினாரு, ஒண்ணுமே இல்ல. பாஸ்போர்ட்ல பின் இடது கால் வெள்ளைன்னு எழுதியிருக்கு, எங்க குதிரைக்கு பின் வலது கால் வெள்ளை. வேற குதிரையோட பேப்பர 7,000 வாங்கிட்டு எனக்கு குடுத்துருக்கான்.

அவன் குடுத்த கிளாண்டர்ஸ் டெஸ்ட் ரிப்போர்ட்டும் அந்த வேற குதிரையோடதுதான். இது விளையாட்டு இல்லைங்க. கிளாண்டர்ஸ் மனுஷனுக்கும் ஒட்டுற நோய், குதிரைக்கு உறுதியாச்சுன்னா சட்டப்படி கொன்னு பொதைக்கணும், வைத்தியம் பாக்க விட மாட்டாங்க. என் பொண்ணு மூணு நாளா அத கட்டிப் புடிச்சு மூஞ்சில முத்தம் குடுத்துட்டு இருந்தா. மூக்குல சளியோ தோல்ல கட்டியோ எதுவும் இல்ல பயப்படாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு, இருந்தாலும் ரத்தம் எடுத்து ஹரியானா ஹிசார்ல இருக்கிற தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு துறை மூலமா அனுப்பியிருக்கு. ரிசல்ட் வரல இன்னும். ராத்திரி தூக்கம் இல்ல.

இனி அந்த ஆளோட பேச்ச கேளுங்க. மூணாவது நாள்: "லாரில நின்னுட்டு வந்தா கால் புடிக்கும்ணா, ஒரு வாரம் பாருங்க." அஞ்சாவது நாள்: "உங்க ஊரு தண்ணி ஒத்துக்கல போல, கொள்ள இன்னும் ஒரு கிலோ சேத்து போடுங்க." அதுக்கப்புறம்: "லாடம் சரியில்ல, மாத்துங்க." பல்லு போட்டோவும் சிப் இல்லாத விஷயமும் அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, ரெண்டு நாள் பதில் இல்ல. அப்புறம் வாய்ஸ் மெசேஜ், குரலே மாறிடுச்சு, அண்ணா எல்லாம் போச்சு: "நீங்க நேர்ல வந்து பாத்துதானே எடுத்தீங்க சார், உயிருள்ள பொருள வித்தா திருப்பி எடுக்க மாட்டோம், எங்ககிட்ட இருக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, நீங்க கெடுத்தது." நான் மூணேகால் லட்சமும் கேக்கல, பாதியாவது குடு, இல்ல அந்த டாக்டரோட பேச வையின்னு கேட்டேன். பண்ணை டாக்டர்னு காட்டினானே ஒருத்தன், அவன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அந்த பொட்டலத்த கேட்டேன், என்ன பவுடர்னு. "ஞாபகம் இல்ல"ன்னான். வலிய மறைக்கிற மருந்து பவுடராவும் வருதாம், டாக்டர் சொல்றாரு. கவர் குப்பைல போயிடுச்சு, நிரூபிக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல.

ஆப் காரங்களுக்கு மூணு மெயில் போட்டேன், மூணுக்கும் ஒரே பதில், "நாங்க வாங்குறவரையும் விக்கிறவரையும் சேத்து வைக்கிறதோட சரி." குரூப்ல எழுதினேன், அரை மணி நேரத்துல அட்மின் தூக்கிட்டாரு. அந்த விளம்பரம் மட்டும் இன்னும் இருக்கு, இப்ப நுக்ரான்னு ஒரு வெள்ளை குதிரைய போட்டுருக்கான், அதே மணல் களம், மேல அதே பையன். போலீஸ்ல மொதல்ல சிவில் மேட்டர்னாங்க, பல்ல தோண்டினத சொன்னப்புறம் சிஎஸ்ஆர் (புகார் வாங்கினதுக்கு ரசீது) போட்டாங்க. 1915-ங்கற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்லயும் புகார் குடுத்திருக்கேன். 3,25,000 திரும்ப வரும்னு நம்பிக்கை இல்ல.

விரிவா டிப்ஸ் எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப தொழுவத்துக்கு போகணும், முக்கியமானத மட்டும் சொல்லிடறேன். உங்க டாக்டர் இல்லாம போகாதீங்க, விக்கிறவன் வேண்டாம்னு சொன்னா அங்கயே திரும்பிடுங்க. குளம்ப நீங்களே கழுவி பாருங்க. கெட்டியான தரையில ஓட்ட சொல்லுங்க, சின்ன வட்டத்துல திருப்ப சொல்லுங்க. சிப் நம்பர் 15 இலக்கம், ரீடர்ல வர்றதும் பேப்பர்ல இருக்கிறதும் ஒண்ணான்னு பாத்துட்டு காசு அனுப்புங்க. வாங்குற அன்னைக்கே ரத்தம் எடுத்து வைங்க, வலி மருந்து இருந்தா பின்னாடி காட்டிக் குடுக்கும். பவுடர் கிவுடர் குடுத்தா வாங்காதீங்க, வாங்கினா கவர தூக்கிப் போடாதீங்க. காதப் பாத்து மயங்காதீங்க. எங்க குதிரைக்கு காது நிஜம், மத்ததெல்லாம் பொய்.

வித்துருன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. யாருக்கு விக்கிறது, இன்னொரு பொண்ணோட அப்பனுக்கா? அந்த பாவத்த நான் பண்ண மாட்டேன். கொள்ளு வெல்லம் எல்லாம் நிறுத்தியாச்சு, காய்ஞ்ச புல்ல தண்ணில ஊறவச்சு இனிப்ப எறக்கித்தான் போடறோம், தொழுவம் பூரா முக்கா அடிக்கு மணல் கொட்டியிருக்கு. லாடம் கட்டுற பெரியவர் குளம்போட முன்பக்கத்த கொஞ்சம் கொஞ்சமா சீவி விடறாரு, ஆறு வாரத்துக்கு ஒருக்கா வரணும்னு சொல்லியிருக்காரு. எலும்பு எவ்வளவு சாஞ்சிருக்குன்னு எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும், வண்டில ஏத்துற நிலைமைல இப்ப அது இல்ல. நேத்து சாயங்காலம் தண்ணி தொட்டி வரைக்கும் தானா ஆறு அடி நடந்து வந்துச்சு. ரிசல்ட் வர்ற வரைக்கும் பாப்பாவ கிட்ட விடறதில்ல, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பேரு சொல்லி கூப்பிடுறா, அது காத மட்டும் திருப்புது.