பழைய படம் திருத்தித் தரும் கோட்டைமுனைக் கடை

பெரியம்மாவிடம் மகனுடைய படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. 1988இல் பள்ளிக்கூடக் கரப்பந்து அணி எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள். முகம் சுண்டுவிரல் நகமளவு. மற்றப் படங்களையெல்லாம் இராணுவச் சுற்றிவளைப்புக் காலத்தில் அவரே அடுப்பில் போட்டுவிட்டார். இளம் பொடியன் படம் வீட்டில் இருந்தாலே பயம் என்றிருந்த காலம் அது.

முதலில் வேறொரு கடையில்தான் கொடுத்தோம். ஒரே நாளில் தந்தார்கள். கோட், டை, பின்னால் நீல வானம், சிவந்த உதடு. சிரிக்கவும் வைத்திருந்தார்கள். பெரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, இன்னொரு தரம் பார்த்தார். "ஆருடா இது? என்ட புள்ள இல்ல."

அப்புறம்தான் ஒருவர் சொல்லி மட்டக்களப்புக் கோட்டைமுனைப் பக்கம் இந்தக் கடைக்குப் போனோம். பெயரை எழுத வேண்டாம், இருக்கிற வேலையே போதும் என்று கடைக்காரத் தம்பி கேட்டுக்கொண்டார். புடவைக்கடைக்கு மேலே, மாடியில். படி செங்குத்து, பிடித்து ஏறக் கம்பியும் இல்லை. 79 வயதுப் பெரியம்மாவை ஏற்ற நான்கு இடத்தில் நின்றோம். இதை அவர் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். வருகிறவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள்.

படத்தை ஸ்கேன் பண்ணித் திரையில் பெரிதாக்கிவிட்டு, அவர் எதையும் தொடவில்லை. பெரியம்மாவைப் பக்கத்தில் இருத்திக் கேட்கத் தொடங்கினார். இடது புருவத்தில் ஒரு கோடு. கறையா, தழும்பா? "கிணத்தடியில விழுந்தது மனே. ஏழு வயசில." முதல் கடை அழித்தது அதைத்தான். வலது காதுக்கு மேலால் படம் மடிந்து பொடிந்திருந்தது. காதை வரையலாமே என்றேன். "இல்ல அண்ணன், எனக்குத் தெரியாததை நான் வரையிறதில்ல" என்றார். அந்த இடம் மங்கலாகவே இருக்கிறது. எனக்கு அதுதான் இந்தக் கடையில் மிகவும் பிடித்தது. இந்தப் படம் அலங்காரத்துக்கு இல்லை, சாட்சிக்கு. அதில் ஒரு காதைப் புதிதாகச் சேர்த்தால், நாளைக்கு மறுக்க நினைக்கிறவன் முகத்தையே பொய் என்பான்.

பிறகு கீழே என்ன எழுதுவது என்று கேட்டார். வழக்கமாகத் தோற்றம், மறைவு என்று இரண்டு திகதி போட்டு, பிளாஸ்டிக் மாலையும் சிவப்பு மின்குமிழும் பூட்டித் தருவார்கள். இவர் மாலை எடுத்து வரவில்லை, முதலில் கேட்டார். பெரியம்மா இன்றுவரை மகனுக்குத் திவசம் செய்ததில்லை. "மறைவு எண்டு போடாத மனே. கொண்டுபோன நாள் எண்டு போடு." அப்படியே அச்சிட்டார்: கொண்டுபோகப்பட்ட நாள் 05.09.1990, வந்தாறுமூலை. அங்குள்ள கிழக்குப் பல்கலைக்கழக அகதிமுகாமிலிருந்து இராணுவம் 158 பேரைக் கொண்டுபோன நாள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

நாங்கள் காத்திருந்தபோது அதே வாங்கில் காத்தான்குடியிலிருந்து ஒருவர் வாப்பாவின் படத்தோடு இருந்தார். பெரியம்மா திகதி கேட்டார். "ஆகஸ்ட் மூணு அம்மா. அதே வருசம்." பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்ற இரவு. பெரியம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவருடைய படத்தை மடியில் வாங்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

கம்போடியாவில் க்மெர் ரூஜ் ஆட்சி புனோம் பென்னில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துவோல் ஸ்லெங் சிறையாக்கி, கொண்டுவந்தவர்களையெல்லாம் படம் பிடித்தது. ஆயிரக்கணக்கான முகங்கள் மிஞ்சின. பல முகங்களுக்குப் பெயர் தெரியாது. எங்களுக்கு நிலைமை தலைகீழ். பெயரும் ஊரும் சொல்ல ஆள் இருக்கிறது, பல வீட்டில் முகம் இல்லை. 1978 சூறாவளியில் கொஞ்சம், சுனாமியில் கொஞ்சம், அடுப்பில் கொஞ்சம். ருவாண்டாவில் 1994இல் கொல்லப்பட்டவர்களுக்காகக் கிகாலியில் உள்ள நினைவகத்தில், குடும்பங்கள் கொடுத்த சாதாரண வீட்டுப் படங்களையே ஒரு அறையில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மட்டக்களப்பில் அப்படி ஓர் அறை வருமென்றால், படங்கள் இந்த மாதிரிக் கடைகளைத் தாண்டித்தான் போகும்.

சட்டத்தோடு 4,800 ரூபா. குறைக்கவா என்று கேட்டார். பெரியம்மா விடவில்லை, சேலைத் தலைப்பிலிருந்து அவரே எண்ணிக் கொடுத்தார். சொன்ன நாளுக்கு ஐந்து நாள் பிந்தியது, தொலைபேசியும் எடுக்கவில்லை. முதல் அச்சில் 'வந்தாறுமூலை'யில் எழுத்துப் பிழை. மறுபடி அடித்துத் தந்ததற்குக் காசு வாங்கவில்லை. கண்ணாடி ஒளி தெறிக்கிறது, வாசலுக்கு நேரே மாட்டினால் முகம் தெரியாது.

படத்தின் பின்பக்கம் பெயர், ஊர், மூலப்படம் யாரிடம் இருந்தது என்று பென்சிலால் எழுதிவிட்டார். பேனா மை ஊறிவிடுமாம். கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டுத் தந்து, தன் கணினியிலிருந்து அழிப்பதை எங்கள் கண்முன்னே செய்தார். இப்படிப்பட்ட படத்துக்கு அது பெரிய விசயம்.

வீட்டில் மாட்டிய அன்று என் மகள், பதினொரு வயது, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "ஆரு கொண்டுபோன?" என்று கேட்டாள். பெரியம்மாதான் பதில் சொன்னார். விளக்கு வைக்கிற நேரம் தொடங்கி, சோறு ஆறும்வரை.

போகிறவர்கள் மூலப்படத்தையே கொண்டு போங்கள், கைபேசியில் எடுத்தது சரிவராது. முகத்தை நேரில் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள், அவர் இல்லாமல் வேலையைத் தொடங்க மாட்டார். காலை பத்துக்கு முன் போனால் படியில் வெயில் இல்லை. ஞாயிறு பூட்டு.