கிட்டார் ராக்கில் உறுமல்: நாய்ஸ் கேட்டா, கண்டிஷனரா, டிரான்ஸ்ஃபார்மரா?

"எந்த நாய்ஸ் கேட் வாங்கலாம் அண்ணே?"

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் பயிற்சி எடுக்கும் அறைக்கு வரும் ஒரு தம்பி கேட்டார். அவருடைய ராக்கில் (யூனிட்டுகளை அடுக்கித் திருகிப் பூட்டும் சட்டம்) ஒரு வயர்லெஸ் ரிசீவர், ஒரு டிஜிட்டல் எஃபெக்ட் யூனிட், டிராயரில் நாலு பெடல். ராக்கின் தலைமேல் 100 வாட் வால்வு ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப். எல்லாவற்றையும் ஆன் செய்ததும், ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் அறை முழுக்க உறுமல். "கிட்டாரின் வால்யூமை மூடினால் சத்தம் போகிறதா?" என்று கேட்டேன். அவர் மூடிப் பார்த்ததே இல்லை.

கேட், பவர் கண்டிஷனர், ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், தனித்தனி அவுட்புட் உள்ள பவர் சப்ளை எல்லாம் கடையில் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கின்றன. எல்லாவற்றின் பெட்டியிலும் சத்தத்தைக் குறைக்கும் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது. தப்பான ஒன்றை வாங்கினால் காசும் போகும், உறுமலும் அப்படியே இருக்கும். நான் பயன்படுத்திப் பார்த்தவற்றை ஒன்றோடு ஒன்று வைத்துச் சொல்கிறேன்.

காசில்லாத சோதனைகள்

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் நம் ராக்கின் உறுமலும் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும்தான் இருக்கும். அமெரிக்கர்கள் எழுதும் குறிப்புகளில் 60, 120 என்று வரும். அந்த எண்களை இங்கே தேட வேண்டாம். காதால் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆறாவது கம்பியில் மூன்றாம் கட்டை, அதாவது ஜி சுரம், 98 ஹெர்ட்ஸ். உறுமல் அதைவிட ஒரு இழை மேலே நின்றால் அது 100. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஆழமாக ஓடினால் 50. ஆம்ப்பின் பவர் சப்ளை கெப்பாசிட்டர் வயதாகிப் போனால் பெரும்பாலும் 100தான் மேலோங்கும். எர்த் வட்டத்தில் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) அடியில் 50 இருக்கும், மேலே அதன் மடங்குகள் கரகரக்கும்.

அடுத்து, கிட்டார் வால்யூம். மூடியதும் சத்தம் அடங்கினால் அது பிக்கப்பிலிருந்து, அதாவது கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் சுருளிலிருந்து வருகிறது. அந்தச் சத்தத்துக்காக ராக்கில் எதை மாற்றினாலும் பயனில்லை. வால்யூமைத் திறந்துவிட்டு நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் சத்தம் குறைந்து இன்னொரு திசையில் கூடினால், பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைச் சுருள் பிடிக்கிறது.

மூடியும் போகவில்லையென்றால் ராக்கைப் பின்னாலிருந்து கழற்றிக்கொண்டு வர வேண்டும். ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்டமான பவர் ஆம்ப்பில் எந்த இன்புட்டும் இல்லாமல் கேளுங்கள். அமைதியாக இருந்தால் அதற்கு முந்தைய யூனிட்டை மட்டும் செருகுங்கள், அப்புறம் அதற்கு முந்தையது. எந்த வயரைச் செருகும்போது உறுமல் எழுகிறதோ அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு முறை செருகும்போதும் கழற்றும்போதும் வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. நான் பார்த்த ராக்குகளில் பாதிக்கு மேல் இந்த அரை மணியிலேயே காரணம் தெரிந்துவிட்டது.

கேட்டும் டிரான்ஸ்ஃபார்மரும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நாய்ஸ் கேட் என்பது ஒரு கதவு. நீங்கள் வாசிக்காதபோது சாத்திக்கொள்ளும், வாசிக்கும்போது திறக்கும். திறந்திருக்கும் நேரமெல்லாம் உறுமலும் சுரத்தோடு சேர்ந்தே வெளியே வரும். 1987இல் வந்த பாஸ் என்எஸ்-2 இன்றும் விற்கிறது. ராக்ட்ரானின் ஹஷ், ஐஎஸ்பியின் டெசிமேட்டர் இரண்டும் சத்தத்தைத் திடீரென்று வெட்டாமல் சரிவாக இறக்கும் வகை, என் காதுக்கு அவைதான் இதம். மெட்டல் வாசிக்கும் பிள்ளைகளுக்கு, கையை நிறுத்தியதும் மயான அமைதி வேண்டுமே, அதற்குக் கேட்டைவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் நம் மேடைகளில் மெலடிப் பாட்டின் இடையிசையில் ஒரு சுரத்தை இழுத்து, வளைத்து, தேய்ந்து மறையும்வரை விட வேண்டியிருக்கிறது. எந்த அளவு சத்தத்துக்குக் கதவு திறக்கும் என்ற எல்லையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் அந்தக் கடைசி மூச்சை அறுத்துவிடும். இறக்கி வைத்தால் உறுமல் கசியும். எர்த் வட்டத்தின் உறுமல் பலமாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் இடமே இருக்காது.

ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உறுமல் உண்டாகும் இடத்துக்கே போகிறது. ராக்கில் உள்ள இரண்டு யூனிட்டுக்கும் தனித்தனி மூன்று பின் பிளக், ஆளுக்கொரு எர்த். இரண்டையும் இணைக்கும் சிக்னல் வயரின் மேலுறையும் (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல்) ஒரு எர்த் பாதைதான். ஆக ஒரு முழு வட்டம் உருவாகிவிடுகிறது, இதுதான் எர்த் வட்டம். சுற்றியிருக்கும் காந்தப்புலம் அந்த வட்டத்தில் சிறு மின்னோட்டத்தை ஓடவிடும். மேலுறை வழியே அது ஓடும்போது எழும் கடுகளவு வோல்டேஜ் சிக்னலோடு கலந்துவிடும். பின்னால் உள்ள ஆம்ப் அதையும் சேர்த்துப் பெருக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் சிக்னல் காந்தம் வழியாகக் கடக்கிறது, செம்பு வழியாக இல்லை. வட்டம் அறுந்துபோகிறது, இரண்டு யூனிட்டின் எர்த்தும் பத்திரமாக இருக்கிறது. உறுமல் குறைவது மட்டுமில்லை, இழுத்துப் பிடித்த சுரத்துக்கு அடியிலும் இல்லாமல் போகிறது. முதன்முதலில் அதைக் கேட்டபோது நான் கொஞ்ச நேரம் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தேன்.

எங்கே போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கிட்டாருக்கு அடுத்தபடியாகவே போட்டால், லைன் அளவுக்கு (எஃபெக்ட் யூனிட்டிலிருந்து வரும் பலமான சிக்னலுக்கு) செய்த டிரான்ஸ்ஃபார்மர் பிக்கப்பைப் பாரமேற்றி மேல்சுரங்களை மழுங்கடிக்கும். பிக்கப்பின் மேல் பாரம் விழாமல் தாங்கிக்கொள்ளும் பஃபர் ஒன்றைக் கடந்த பிறகுதான் போட வேண்டும். தம்பியின் அமைப்பு நாலு வயர் முறை. எஃபெக்ட் யூனிட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் மட்டும் மூன்று வயர் ஓடுகிறது: ஹெட்டின் இன்புட்டுக்கு ஒன்று, சிக்னலை எஃபெக்ட்டுக்கு வெளியே அனுப்பும் சென்டிலிருந்து ஒன்று, அதைத் திரும்ப வாங்கும் ரிட்டர்னுக்கு ஒன்று. மூன்றும் வட்டம் போடும். ஹெட்டின் இன்புட்டுக்குப் போகும் வயர்தான் முதல் எதிரி, ஏனென்றால் ஆம்ப்பின் முதல் கட்டமான ப்ரீஆம்ப்பின் முழுப் பெருக்கமும் அதற்குப் பிறகுதான் வருகிறது. இரண்டு சேனல் பெட்டி வாங்கினால் ஒன்றை அங்கேயும் இன்னொன்றை சென்டிலும் வைக்கலாம். ரிட்டர்னில் வட்டம் மிச்சம் இருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் பவர் ஆம்ப் மட்டும்தான், பெரும்பாலும் காதுக்கு எட்டாது.

விலை மலிவு என்று கார் ஆடியோ கடையில் கிடைக்கும் சின்ன ஐசொலேட்டரை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சோதனைக்கு அது அருமையான பொருள். செருகியதும் உறுமல் போனால் எர்த் வட்டம்தான் என்று உறுதியாகிவிடும். ஆனால் அதன் இரும்புக் கரு சிறியது. பலமான லைன் சிக்னலில் அடிச்சுரங்கள் தேய்ந்து சிதையும். நோயைக் கண்டுபிடிக்க அதை வையுங்கள், மேடைக்கு எப்டெக், லேலே, ரேடியல் மாதிரி இசைக்கென்று செய்ததை வாங்குங்கள்.

சால்டர் பிடிக்கத் தெரிந்தவருக்கு இன்னொரு வழி உண்டு. பேலன்ஸ்டு இன்புட்டுக்கு (சிக்னல் இரண்டு உள்கம்பிகளில் வரும் வகை) போகும் வயரில் மேலுறையை ஒரு முனையில் மட்டும் இணைக்காமல் விடுவது. ஃபிராக்டல் கம்பெனி எஃபெக்ட் யூனிட்டுகளின் ஹம்பஸ்டர் அவுட்புட்டும் இந்த வழிக்கு உறவுக்காரன்தான். அதன் வயரில் யூனிட் பக்கம் மூன்று தொடர்பு உள்ள ஜாக், ஆம்ப் பக்கம் சாதாரண கிட்டார் ஜாக். செலவு என்று பார்த்தால் புடு பக்கம் ஜாலான் பாசாரில் வாங்கும் இரண்டு ஜாக்கும் கொஞ்சம் வயரும்தான். ஆனால் இரண்டு பக்கமும் சாதாரண ஜாக் உள்ள வயரில் மேலுறையை வெட்டிவிடாதீர்கள். சிக்னல் திரும்பி வர வேறு வழியில்லாமல் பிளக்கின் எர்த்தைச் சுற்றி வரும், உறுமல் பல மடங்கு கூடும்.

எர்த்தைக் கழற்றுவது ஒரு தேர்வே இல்லை

இதை இந்தப் பட்டியலில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. ஆனால் மேடைகளில் இன்னும் நடக்கிறது. நம் ஊர் சாக்கெட்டில் நீளமான எர்த் பின் போனால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடி திறக்கும். அதனால் பின்னை உடைக்க முடியாது. பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் வயரை மட்டும் கழற்றிவிடுகிறார்கள். உறுமல் உடனே போகும், வட்டம் அறுந்துவிட்டதல்லவா. கூடவே உங்கள் உயிருக்கான பாதுகாப்பும் போய்விட்டது. வால்வு ஆம்ப்பின் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. ஒரு கோளாறு வந்தால் அந்தப் பெட்டி முழுக்க மின்சாரம் ஏறும். உங்கள் விரல் இரும்புக் கம்பியில், உதடு மைக்கில்.

ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் ஸ்வான்சியில் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியில்லாத மைக். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் வீட்டில் கிட்டார் வாசிக்கும்போது அதே மாதிரி போனார். பிளக்கில் எர்த் கழற்றிய ஆம்ப்பை யாராவது தந்தால் வாசிக்காதீர்கள். மண்டபத்தின் சாக்கெட்டிலேயே எர்த் இல்லையென்று சந்தேகம் வந்தால் உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

டிஐ பாக்ஸில் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சிக்னல் வயரின் மேலுறையை மட்டும் பிரிக்கிறது, பிளக்கின் எர்த்தைத் தொடுவதில்லை. தாராளமாக அழுத்தலாம்.

கண்டிஷனர் வாங்குமுன் ஒரு நிமிடம்

பவர் கண்டிஷனர் ஒரு யூனிட் உயரத்தில், முன்னால் விளக்கோடு ராக்குக்கு அழகாக இருக்கும். மின்னல் அலை வந்தால் தடுக்க முயலும், ரேடியோ அலைவரிசைக் குப்பையை வடிகட்டும். பிற்பகல் நாலு மணிக்கு இடி இறங்கும் கோலாலம்பூரில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனாலும் மழை கருக்கும்போது பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான் என் வழக்கம். எர்த் வட்டத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு சாதாரண கண்டிஷனர் எதுவும் செய்யாது. அதை வாங்கியதும் சத்தம் குறைந்ததாகச் சிலர் சொல்வார்கள். ராக் முழுவதும் அன்றுதான் முதல்முறையாக ஒரே சாக்கெட்டுக்கு வந்திருக்கும், அதுதான் காரணம். அந்தப் பலன் நல்ல எக்ஸ்டென்ஷன் ஒன்றிலேயே கிடைக்கும். ஒரே சாக்கெட் தாங்குமா என்ற பயம் வேண்டாம், 13 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3000 வாட் தரும். ஒரு கிட்டார் ராக் அதன் பக்கத்தில்கூட வராது.

ஸ்பேனரும் பிளாஸ்டிக் வாஷரும்

என் சொந்த ராக்கில் பெரிய மாற்றம் தந்தது இடம் மாற்றியதுதான். பவர் ஆம்ப்பின் பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு நேர் மேலே ப்ரீஆம்ப்பை வைத்திருந்தேன். திருகுகளைக் கழற்றி ப்ரீஆம்ப்பைக் கையால் மெல்ல முன்னால் இழுத்தேன், உறுமல் தேய்ந்தது. தள்ளினேன், திரும்பி வந்தது. காந்தப்புலம் தூரத்தோடு மிக வேகமாகக் குறையும். ராக்கின் உயரத்தை அளக்கும் ஒரு யூனிட் 44.45 மில்லிமீட்டர், இரண்டு யூனிட் இடைவெளி விட்டால் ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர். பவர் ஆம்ப் அடியில், இரண்டு யூனிட் காலி, மேலே எஃபெக்ட், அதற்கும் மேலே ப்ரீஆம்ப். பவர் வயர் எல்லாம் ஒரு பக்கம், சிக்னல் வயர் மறுபக்கம், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காக. இதை எந்த நாய்ஸ் கேட்டாலும் டிரான்ஸ்ஃபார்மராலும் செய்திருக்க முடியாது, ஏனென்றால் உறுமல் ப்ரீஆம்ப்பின் உள்ளேயே பிறந்துகொண்டிருந்தது.

யூனிட்டின் தகடு ராக்கின் இரும்புச் சட்டத்தைத் தொடுவதும் ஒரு எர்த் பாதைதான். திருகுக்குப் பிளாஸ்டிக் வாஷர் போட்டு, தகடு எங்கும் சட்டத்தில் படாமல் பார்த்துக்கொண்டால் அந்த வட்டம் போகும். சில வெள்ளிதான் செலவு. எல்லா ராக்கிலும் வித்தியாசம் தெரியாது, என்னுடையதில் இலேசாகத் தெரிந்தது.

மற்றவை

உறுமல் இல்லை, மெல்லிய கீச்சொலி என்றால் ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாகக் கரண்ட் எடுக்கும் டிஜிட்டல் பெடல்களைப் பாருங்கள். தனித்தனி அவுட்புட் உள்ள சப்ளை அதைத் தீர்க்கும். வூடூ லேப் பெடல் பவர் 2 பிளஸ்ஸில் எட்டு அவுட்புட் இருக்கிறது. இங்கே வாங்கும்போது 230 வோல்ட்டுக்கானதா என்று பார்த்து வாங்குங்கள்.

வெறும் சீறல் என்றால் கெய்ன் (பெருக்கும் அளவு) அதிகம். முதல் கட்டத்தின் சத்தத்தைத்தான் பின்னால் உள்ள எல்லாம் பெருக்குகின்றன. கெய்னைக் குறைத்துப் பாருங்கள், போதவில்லையென்றால் கேட் போடுங்கள், எதிரொலி தரும் டிலேக்கும் ரிவெர்புக்கும் முன்னால். கேட்டின் நியாயமான வேலை இதுதான்.

கல்யாண மண்டபத்தில் மேடை விளக்கை மங்கவைக்கும்போது கூர்மையாகக் கரகரத்தால் டிம்மர். ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் அதை அப்படியே பிடிக்கும். கிப்சனில் சேத் லவர் 1955இல் உருவாக்கிய ஹம்பக்கரின் இரண்டு சுருளும் அந்த உறுமலை ஒன்றுக்கொன்று அடித்துவிடும். வரவேற்பு நிகழ்ச்சிகளுக்கு நான் ஹம்பக்கர் கிட்டாரை மட்டும்தான் எடுத்துப் போகிறேன்.

தம்பியின் ராக்குக்கு வருவோம். கிட்டார் வால்யூமை மூடியும் உறுமல் போகவில்லை. ஹெட்டை ராக்கின் தலையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தோம், ஒரு பங்கு குறைந்தது. இரண்டு சாக்கெட்டில் இருந்ததை ஒன்றாக்கினோம், இன்னும் கொஞ்சம். என் பையிலிருந்த இரண்டு சேனல் டிரான்ஸ்ஃபார்மரை ஹெட் இன்புட்டிலும் சென்டிலும் செருகியதும் அறையில் ஏர்கான் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தப் பெட்டியை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை. தனக்கென்று ஒன்று வாங்கும்வரை வைத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.