மகாபாத்தின் பதினொரு மாதங்கள்: வெள்ளவத்தையில் ஒரு கட்டண உரை

குறுகிய காலமே நிலைத்த அரசுகளைப் பற்றி வெள்ளவத்தையில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நடைபெற்றுவரும் கட்டண உரைத்தொடரில், இம்முறை எடுத்துக்கொள்ளப்பட்டது 1946இல் ஈரானின் வடமேற்கில் உருவாகி, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே இல்லாமற்போன குர்திய மகாபாத் குடியரசு. கட்டணம் 1,500 ரூபாய். இரண்டு மணி நேர உரை, அச்சிட்ட குறிப்பேடு, இடைவேளைத் தேநீர், கட்லட் எல்லாம் அதற்குள் அடக்கம். உலக வரலாற்றைத் தமிழில் கேட்கக் கொழும்பில் காசு கொடுத்து யார் வருவார்கள் என்று எண்ணுபவர்கள், கதிரை கிடைக்காமல் பின்சுவரோடு நின்றவர்களைப் பார்த்திருக்க வேண்டும்.

உரையாளர் பீடிகையில் நேரத்தைக் கரைக்கவில்லை. 1941 ஆகஸ்டில் பிரித்தானியப் படைகளும் சோவியத் படைகளும் ஈரானுக்குள் நுழைந்ததையும், அடுத்த மாதமே ஈரானிய மன்னர் ரேசா ஷா முடி துறந்ததையும் சில நிமிடங்களில் சொல்லி முடித்துவிட்டு, நேரே வரைபடத்துக்கு வந்தார். அன்றைய மாலையில் என்னை அதிகம் ஈர்த்தது அந்த வரைபடமே. துருக்கி, ஈராக், ஈரான், சிரியா ஆகிய நாடுகளில் பரந்து கிடக்கும் குர்தியர் வாழிடம் மங்கிய மஞ்சளில் இருக்க, மகாபாத் அரசின் அதிகாரம் உண்மையாகவே சென்றடைந்த பரப்பு மட்டும் பச்சையில் தீட்டப்பட்டிருந்தது. மகாபாத், புக்கான், நகதே, உஷ்னவியே என்று ஒரு கைப்பிடி ஊர்கள். தெற்கே சக்கேஸும் சனந்தாஜும் ஈரானியப் படையின் பிடியிலேயே இருந்தன. வடக்கே சோவியத் படைக்கும் தெற்கே பிரித்தானியப் படைக்கும் இடையில், எவரும் இறுக்கிப் பிடிக்காத ஓர் இடைவெளியில்தான் இந்த அரசு முளைத்தது என்பது அந்தப் பச்சைத் துண்டைப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது.

அரசு என்றால் கொடியும் பிரகடனமும் மட்டுமல்ல, நாளாந்த நிர்வாகமும்தான் என்ற நினைவோடு உரை அமைக்கப்பட்டிருந்ததே அந்த மாலையின் பெரும் பலம். 1942இல் மகாபாத் நகரத்து இளைஞர்கள் இரகசியமாகத் தொடங்கிய சங்கம், 1945இல் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சியாக வெளிப்படையாக உருமாறியதும், ஊரில் மதிப்புப் பெற்ற நீதிபதிக் குடும்பத்தவரான காஸி முகம்மது அதன் தலைவரானதும் சுருக்கமாகவே சொல்லப்பட்டன. 1946 ஜனவரி 22ஆம் திகதி சுவார் சிரா சதுக்கத்தில் வெள்ளைத் தலைப்பாகையும் சோவியத் பாணிச் சீருடையும் அணிந்து அவர் குடியரசைப் பிரகடனம் செய்தார். ஹாஜி பாபா ஷேக் பிரதமரானார். காஸியின் உறவினரான சைஃப் காஸி போர் அமைச்சரானார். இவற்றை விட விரிவாகப் பேசப்பட்டவை, சோவியத் தரப்பு கொடுத்த அச்சு இயந்திரத்தில் வெளிவந்த ‘குர்திஸ்தான்’ பத்திரிகை, குர்திய மொழியில் நடந்த பள்ளிக்கூடங்கள், ஹெமின், ஹஜார் ஆகிய இளம் கவிஞர்களுக்கு அரசு அளித்த மதிப்பு, பின்னர் புகையிலை. தெஹ்ரான் சந்தை கைவிட்டுப்போன நிலையில், அப்பகுதியின் முக்கிய பணப்பயிரான புகையிலையைச் சோவியத் தரப்பு வாங்கியதால்தான் திறைசேரியில் காசு புரண்டது என்று உரையாளர் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த முதியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றி வாழ்ந்த யாழ்ப்பாணத்துக்கு, ஒரே ஒரு கொள்வனவாளரை நம்பியிருப்பதன் ஆபத்தை எவரும் விளக்கத் தேவையில்லை.

இடைவேளைக்குப் பின்னரான பகுதி அந்தத் தரத்தில் இல்லை. வீழ்ச்சியின் பழி முழுவதையும் மொஸ்கோவின் மீது சுமத்திவிட்டு உரையாளர் விரைந்து நகர்ந்தார். ஈரானியப் பிரதமர் கவாம், 1946 ஏப்ரலில் சோவியத் தூதருடன் செய்த எண்ணெய் உடன்படிக்கையும், மே மாதத்தில் சோவியத் படைகள் வெளியேறியதும், மறு ஆண்டு ஒக்டோபரில் ஈரானிய நாடாளுமன்றம் அந்த உடன்படிக்கையையே நிராகரித்து மொஸ்கோவை வெறுங்கையோடு விட்டதும் கேட்கச் சுவையான கதைதான். ஆயினும் நகரத்துக்கு வெளியே இருந்த குலத் தலைவர்களில் பலர் இந்த அரசைத் தொடக்கத்திலிருந்தே சந்தேகத்தோடு பார்த்தார்கள். மாமாஷ், மங்கூர் குலங்கள் அதனோடு ஒட்டவே இல்லை. ஷிகாக் குலத்து அம்ர் கான் போன்றோர், காற்று திசைமாறியதும் விலகிக்கொண்டார்கள். 1945இல் ஈராக்கிலிருந்து எல்லை தாண்டி வந்த குர்தியத் தலைவர் முஸ்தபா பர்ஸானியின் போராளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். படையின் முதுகெலும்பு அவர்களே என்றாலும், அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் சோறு போடும் சுமை ஏழைக் கிராமங்களின் தலையில் விழுந்தது. குறிப்பேட்டில் இவை அனைத்தும் இருக்கின்றன, மேடையில்தான் வரவில்லை. தன் சொந்த மண்ணில் ஓர் அரசுக்கு எவ்வளவு ஆதரவு இருந்தது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு அதன் வீழ்ச்சியைச் சொல்வது, கேட்பவர்களுக்கு இதமாக இருக்கும் என்பதற்காகச் செய்யப்பட்ட சலுகையோ என்று எனக்குப் பட்டது.

இறுதிக் கட்டம் மட்டும் நிதானத்தோடு சொல்லப்பட்டது. தேர்தலுக்குப் பாதுகாப்பு என்ற பெயரில் 1946 டிசம்பரில் தெஹ்ரான் அனுப்பிய படை வடக்கே நகர, ஈரானின் அசர்பைஜான் பகுதியில் சோவியத் ஆதரவோடு தப்ரீஸிலிருந்து இயங்கிய தனி அரசு முதலில் சரிந்தது. காஸி முகம்மது தப்பியோட வழியிருந்தும் நகரத்தை விட்டுப் போகவில்லை. சண்டையிட்டு ஊரை அழியவிடவும் அவர் விரும்பவில்லை. டிசம்பர் 15இல் படை மகாபாத்துக்குள் நுழைந்தது. அச்சகம் மூடப்பட்டது, குர்திய மொழிக் கல்வி தடைசெய்யப்பட்டது, நூல்கள் எரிக்கப்பட்டன. 1947 மார்ச் 31ஆம் திகதி காஸியும், அவருடைய சகோதரர் சத்ர் காஸியும், சைஃப் காஸியும் அதே சுவார் சிரா சதுக்கத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். சரணடைய மறுத்த பர்ஸானி, தன் ஆட்களில் சில நூறு பேரோடு அராஸ் ஆற்றைக் கடந்து சோவியத் நாட்டுக்குள் புகுந்து, 1958 வரை அங்கேயே இருந்தார்.

கேள்வி நேரத்தில், எதிர்பார்த்தபடியே, இலங்கையோடு ஒப்பிடச் சொல்லி ஒருவர் எழுந்தார். உரையாளர் அதற்கு மசியாமல், மகாபாத்தை மகாபாத்தாகவே முதலில் விளங்கிக்கொள்ளுங்கள் என்று நிறுத்திக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. கூடத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது.

வசதிகளைப் பற்றிச் சொல்வதானால், கூடம் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறது; மின்தூக்கி கிடையாது. வருபவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்ற நிலையில் இது சிறிய குறையல்ல. ஒலிபெருக்கி சுத்தமாகக் கேட்டது. குறிப்பேட்டில் சேர்த்திருந்த ‘குர்திஸ்தான்’ பத்திரிகை முகப்பின் நிழற்பிரதி, எழுத்தே தெரியாத அளவுக்குக் கறுத்துப்போயிருந்தது. அந்தப் பக்கத்தைச் சேர்க்காமலே விட்டிருக்கலாம். குறிப்பேட்டைத் தனியாக 300 ரூபாய்க்கும் விற்கிறார்கள். உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார், நேரில் வர இயலாவிட்டாலும் அதையாவது வாங்கிவைக்கலாம். அடுத்த மாதம் தப்ரீஸ் அரசைப் பற்றிப் பேசுவதாக அறிவித்திருக்கிறார்கள். கட்டணத்தை முற்பணமாகச் செலுத்தினால் முன்வரிசையில் இடம் ஒதுக்கித் தருகிறார்கள். நான் செலுத்திவிட்டுத்தான் படியிறங்கினேன்.