ரிவியூ: உடனே ஏற்றுவதா, பார்த்து ஏற்றுவதா?
மும்பை மாட்டுங்காவில் எங்கள் காப்பித்தூள் கடைக்கு வெப்சைட் போட்டபோது இதில்தான் மாமாவுக்கும் எனக்கும் ஒரு வாரம் இழுபறி.

வாடிக்கையாளர் ரிவியூ எழுதியதும் அது தானாக வெப்சைட்டில் ஏறிவிட்டால் வேலை மிச்சம், படிப்பவருக்கும் நம்பிக்கை. முதலில் அப்படித்தான் விட்டோம். ஒருநாள் இரவு 11 மணிக்கு ஒருவர் டெலிவரி பையனின் போன் நம்பரோடு சேர்த்துத் திட்டி வைத்தார். காலையில் கடை திறக்கும்வரை அது அப்படியே கிடந்தது. பாவம் அந்தப் பையன்.

படித்துப் பார்த்து ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கை சும்மா இருக்காது. "சிக்கரி தூக்கல், கசக்கிறது" என்று வந்த ஒற்றை ஸ்டாரை மாமா அமுக்கப் பார்த்தார். அந்த வாரக் கலவை அப்படித்தான் இருந்தது, எனக்கே தெரியும். சரி, பதிலுக்கு அத்தை பேரில் ஐந்து ஸ்டார் போடலாமா என்றார். 2020ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி விற்பவரே வாடிக்கையாளர் வேஷத்தில் எழுதக் கூடாது. ரிவியூக்களைத் திரட்டி, சரிபார்த்து, வெளியிடுவதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தையும் கொண்டுவந்திருக்கிறது.

எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்தது, ஒரு கடிவாளத்தோடு: வசை, போன் நம்பர் இருந்தால் மட்டும் நிறுத்துவோம், மற்றது எத்தனை ஸ்டாரானாலும் 24 மணி நேரத்துக்குள் ஏறும். சிக்கரிக்காரருக்குக் கீழேயே பதில் எழுதி, கால் கிலோ புதுத் தூள் அனுப்பினோம்.