பிரோக்கில் மின் மோட்டார்: மஹேபூர்க் கடலில் சில ஆண்டுகள்

மொரீஷியஸில் மஹேபூர், ப்ளூ பே பக்கம் பயணிகளை ஏற்றும் படகுக்காரர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின் மோட்டார் போடலாமா என்றுதான். ஏழு மீட்டர் பிரோக்கில், அதாவது இங்குள்ள மரபான சிறு படகில், 48 வோல்ட் மோட்டாரும் 10 கிலோவாட் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் வைத்துச் சில ஆண்டுகளாக ஓட்டுகிறேன். பவளப்பாறை வரிசைக்கு உள்ளே ஓட்டுபவர் தாராளமாகப் போடலாம்.

முதலில் வேகம். மணிக்கு 5 கடல் மைல் போனால் மோட்டார் சுமார் 2.5 கிலோவாட் இழுக்கிறது. 7 கடல் மைலுக்கு ஏற்றினால் 7 கிலோவாட்டைத் தொடுகிறது. இந்த மாதிரிப் படகில் வேகம் இரட்டித்தால் தேவையான சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகும். பெட்ரோலில் ஓட்டியபோதும் இதே கணக்குதான், ஆனால் டாங்கி வற்றும்போதுதான் உறைக்கும். இப்போது திரையிலேயே தெரிவதால் கை தானாக வேகத்தைக் குறைக்கிறது. நிதானமாகப் போனால் ஐந்தில் ஒரு பங்கு சார்ஜை மிச்சம் வைத்தும் மூன்று மணி நேரம் ஓடுகிறது. இல் ஓ எக்ரெத் தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, அதற்கு இது ஏராளம். தென்கிழக்குக் காற்று எதிரே அடித்தால் மட்டும் கணக்கு உதைக்கும்.

தொல்லை கொடுப்பது உப்புதான். படகோடு வந்த இணைப்பான்கள் முதல் மழைக்காலத்திலேயே பச்சை பூத்துவிட்டன, விற்ற கடை மாற்றிக் கொடுக்க வெகுநாள் இழுத்தடித்தது. இப்போது ஒவ்வொரு மாலையும் நல்ல தண்ணீரில் கழுவி, இணைப்புகளில் கிரீஸ் தடவுகிறேன். மோட்டார் உலோகத்துக்குப் பதில் தான் அரிபட்டு அதைக் காக்கும் துத்தநாகக் கட்டி தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். கோடையில் வெயிலில் நின்ற படகில் பேட்டரி 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜ் ஏறாது. காற்றோட்டம் கொடுத்து ஆறவிட வேண்டும். அப்புறம், சத்தமே இல்லாததால் நீந்துபவர்களுக்குப் படகு வருவது கேட்காது. விசில் கழுத்திலேயே தொங்கட்டும்.

சார்ஜ் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தத் தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் கனரக எண்ணெயிலும் பிறக்கிறது. கரும்பு வெட்டும் மாதங்களில் சக்கையும் எரிகிறது. அதனால் கூரையில் சூரியத் தகடு போட்டு நண்பகலில் ஏற்றுகிறேன்.

நான் மாறியதற்குக் காரணம் 2020 ஜூலை 25. வகாஷியோ என்ற பெரிய சரக்குக் கப்பல் புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பாறையில் ஏறி, அடுத்த மாதம் சுமார் 1,000 டன் எண்ணெயைக் கசியவிட்டது. கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தடுப்பு கட்டினோம். அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட கப்பலை என் பேட்டரி போன்றவற்றால் ஓட்ட முடியாது என்பதும் உண்மை. ஒரு கிலோ டீசலில் சுமார் 12 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது, என் பேட்டரியில் கிலோவுக்கு 0.1. நார்வேயில் 2015 முதல் ஓடும் ஆம்பியர் என்ற, கார்களை ஏற்றிச் செல்லும் மின் படகு வெற்றி பெற்றது, தினமும் அதே குறுகிய தடத்தில் போய் ஒவ்வொரு கரையிலும் சார்ஜ் ஏற்றிக்கொள்வதால்தான்.

பெரிய கப்பலுக்கு மின்சாரம் உதவக்கூடிய இடம் துறைமுகம். கட்டி நிற்கும்போதும் விளக்குக்கும் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் துணை எஞ்சின்கள் புகைந்துகொண்டே இருக்கின்றன. கரையிலிருந்து 6,600 அல்லது 11,000 வோல்ட் கேபிள் கொடுத்தால் அவற்றை அணைக்கலாம். பல கப்பல்களின் மின்சார அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ், நம் தீவினுடையது 50. அதை மாற்றிக் கொடுக்கும் கருவி வேண்டும். செலவுதான், ஆனால் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இது வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

என் மாமா பாறை வரிசைக்கு வெளியே மீன்பிடிக்கப் போகிறவர். தனக்கும் மின் மோட்டார் வேண்டும் என்றார். வெளிக்கடல் அலையில் சார்ஜ் தீர்ந்தால் துடுப்பு போதாது மாமா, பெட்ரோல் எஞ்சினையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.